பச்சைக் கோட்டுக்குக் கீழே

எங்கள் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் குடும்பம் வருடத்துக்கு நாலைந்து தடவை தீம் பார்க்குக்குப் போய்வருகிறது. எப்படிப் போகிறது என்பதுதான் எங்கள் கட்டடத்தில் பல காலமாகத் தீராத வழக்கு. கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், ‘எல்லாம் கிரெடிட் கார்டு, ஒருநாள் வெடிக்கும்’ என்பார். மாடிவீட்டு டீச்சரோ, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேரம் பேசுகிறார் என்று சத்தியமே செய்வாள். இதையெல்லாம் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவோம். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

எனக்கு அரைகுறைத் தகவல் ஆகாது. நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்காரி. ஊரே என் எதிரில் வாயைத் திறக்கும்போது நான் மட்டும் காதை மூடிக்கொள்ள முடியுமா? ஆகவே ஒரு சனிக்கிழமை, நன்றாக இருந்த பாவாடை ஒன்றின் இடுப்புத் தையலை நானே கொஞ்சம் பிரித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஆல்டரேஷன் செய்கிறாள். துணிக்கடைகள் கொடுத்தனுப்பும் பேன்ட்டுகளைக் குட்டையாக்கித் தருவதுதான் பெரும்பாலும் வேலை. வெட்டுவாள், மடிப்பாள், தைப்பாள். பார்த்த மாத்திரத்தில் ஓர் ஆளின் காலிலிருந்து எவ்வளவு துணி கழியும் என்று சொல்லிவிடுவாள். பாவாடையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“என்னக்கா, இது பிரிஞ்ச மாதிரி இல்லையே. பிரிச்ச மாதிரில்ல இருக்கு?”

“உக்காரும்போது பிரிஞ்சிருக்கும்மா. உடம்பு அப்படி.”

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு என்றால் மூக்கு வழியாக ஒரு காற்று, அவ்வளவுதான்.

“போன வாரம் மறுபடியும் பார்க்குக்குப் போயிட்டு வந்தீங்களாமே. நீ குடுத்து வெச்சவ. நான்லாம் படத்துல பாத்ததோட சரி.”

குண்டூசிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெருமை வந்துவிட்டால் மனிதர்களுக்கு வாயில் எதுவும் நிற்காது.

“அக்கா, பார்க்காரன் நம்மகிட்ட டிக்கெட்டுல புடுங்கறதில்ல. தண்ணி, சாப்பாடு, பொம்மை, போட்டோ, அதுலதான் புடுங்கறான். நாங்க கூட்டம் இல்லாத மாசத்துல, பாதி விலைக்குப் போடுவான் பாருங்க, அப்ப வருஷ பாஸ் வாங்கிடுவோம். முதல் பஸ்ஸுல போயிடணும். மத்தியானம் கையில சீல் குத்திக்கிட்டு வெளிய வந்து, பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்து நம்ம ரொட்டி, நம்ம முட்டை. திரும்ப உள்ள. பிள்ளைங்களை பொம்மைக் கடைப் பக்கமே விடறதில்ல. அதுல பேய் இருக்குன்னு சொல்லிட்டேன்.”

“நாலு பேருக்குப் பாஸ்னா பாதி விலைன்னாலும்...”

“நாலு எங்க? மூணுதான்.” கத்தரியால் அடுக்களைக் கதவைக் காட்டினாள்.

கதவு நிலையில், என் நெஞ்சளவு உயரத்தில், பச்சை டேப் ஒன்று குறுக்கே ஒட்டியிருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வளர்வதைக் குறித்துவைப்பார்களே, அதுவென்று நினைத்திருந்தேன். ஆனால் அப்படிக் குறிக்கிற வீடுகளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். இங்கே ஒரே கோடு.

“அது பார்க் கேட்ல இருக்கற கோடுக்கா. அவரு அளந்துட்டு வந்து அதே உசரத்துல ஒட்டினாரு. லிஃப்ட் வேலை பாக்கற கையி, நூல் பிசகாது. அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது. மூத்தவன் எப்பவோ தாண்டிட்டான். பட்டாணி இன்னும் சும்மாதான் உள்ள போறா.”

பட்டாணி இளையவள். ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். பிறக்கும்போது அந்த அளவில் இருந்தாளென்று வந்த பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“இந்த வருஷம் எப்படியோ ஓட்டியாச்சு,” என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “இவ கோட்டைத் தாண்டிட்டான்னா இன்னொரு பாஸ். அது நம்மால முடியற காரியமா? அதோட பார்க் கதை முடிஞ்சுது.”

பட்டாணி மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து சிந்திய பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கதவு நிலையைப் பார்த்தாள். பிறகு பொத்தான்களைப் பொறுக்கப் போய்விட்டாள்.

அந்த வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வாசல்கள் எதிரெதிர் என்றாலும் உள்ளே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர், அதுவும் பெயருக்குத்தான். புருஷனும் பெண்டாட்டியும் அங்கே நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒரே அறையில் இருந்தபடி, “உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு” என்பாள். “கேட்டுச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்பார் அவர். பிள்ளைகள் இரண்டும் தபால்காரர்கள் மாதிரி அலையும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவருடைய போன்தான். சாப்பிட உட்கார்ந்தால் அடிக்கும். பள்ளிக்கூட விழா பாதியில் அடிக்கும். எங்கோ ஒரு லிஃப்டில் எவரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். பாதித் தட்டோடு கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் கூலி கூட என்பதால் ஞாயிறு என்றால் ஆள் வீட்டிலேயே தங்குவதில்லை. அந்தக் கூடுதல் கூலிதான் பாஸாக மாறுகிறது என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டு வந்தேன். வழக்கு முடிந்தது, தீர்ப்பைப் படிக்கட்டு முழுக்க வாசித்தேன். வங்கிக்காரருக்குத்தான் ஏமாற்றம்.

அதன்பிறகு சில வேடிக்கைகள் நடந்தன. என் வாசலில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. அதில் திடீரென்று எறும்பு. மண்ணைக் கிளறினால் புளித்த வாடை. ஒருநாள் காலை கதவிடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன். பட்டாணி டம்ளரோடு வந்து, பாலை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள்.

“ஏண்டி, அது என்ன கன்னுக்குட்டியா?”

திடுக்கிட்டு டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “அதுக்கும் பசிக்கும்ல பெரிம்மா.”

இன்னொரு நாள், பள்ளிக்கூடப் பையைத் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, ‘விளையாட்டு’ என்றாள். யாரும் கூட இல்லாத விளையாட்டு. பிறகு சொத்தைப் பல்லுக்கு அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார்கள். காத்திருக்கும் அறைச் சுவரில் உயரம் பார்க்க ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும். வருகிற பிள்ளைகளெல்லாம் ஓடிப்போய் அதன் கழுத்தோடு ஒட்டி நிற்கும். பட்டாணி அதன் பக்கமே வரவில்லை. அந்தச் சுவரை விட்டு விலகி எதிர்ப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

மூன்றையும் நான் கட்டடத்துக்கே பந்தி வைத்துப் பரிமாறினேன். எல்லாரும் சிரித்தோம். மோப்பம் பிடிக்க மூக்கு இருந்தது. மூக்குக்கு மேலே இருப்பதை உபயோகிக்க எவருக்கும் தோன்றவில்லை.

பாஸ் வைத்திருப்பவர்கள் ஓர் ஆளை இலவசமாக அழைத்து வரலாம் என்று பார்க்கில் ஒருநாள் சலுகை விட்டார்கள். “எனக்கெல்லாம் யாரும்மா இருக்காங்க கூட்டிட்டுப் போக” என்று கண்ணோரத்தை ஒருமுறை துடைத்தேன். சீட்டு கிடைத்துவிட்டது.

முதல் பஸ். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மரத்தடியில் குடும்பம் நின்றது. தையல்காரி பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி, பட்டாணியின் தலைமுடியைப் படிய வாரினாள். ஷூவைக் கழற்றித் தாள் மாதிரித் தேய்ந்த செருப்பை மாட்டினாள். கணுக்கால் வரை தொங்கும் அந்தக் கவுனை இதற்கென்றே தைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசை நகர்ந்தது. அளவுகோல் பக்கத்தில் வந்ததும் அம்மாக்காரி உதடு அசையாமல் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“முட்டி.”

லிஃப்ட் அரை மாடி இறங்குவதுபோல, பட்டாணி ஒரு குலுக்கலும் இல்லாமல் கீழே இறங்கினாள். கவுன் தரையில் மெல்லக் குவிந்தது. கேட்காரன் அசிரத்தையாகக் கோலைப் பார்த்துவிட்டு அவள் கையில் நீல வண்ணத்துப்பூச்சி சீலைக் குத்தினான். உள்ளே போனதும் அவள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்து லாக்கர். சவாரிகளில் போன் கொண்டுபோகக் கூடாதாம். மெக்கானிக் போனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். சாவி திரும்பிய சத்தத்தில் மனிதர் தோள் இறங்கியது, கழுத்து நீண்டது, இளைத்துக்கூடப் போனார் என்றால் நம்புவீர்களா?

“ஏய், வா வா, கூட்டம் வர்றதுக்குள்ள படகுல ஏறிடலாம்” என்றார். மகளிடம் அல்ல, மனைவியிடம்.

“உங்களுக்கு அவசரம்னா நீங்க ஓடுங்க. என் செருப்பு அறுந்தா நீங்களா வாங்கித் தரப்போறீங்க?”

“வாங்கித் தரேன். முதல்ல அறு.”

அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, ஓட்டைப்பல் தெரிய. சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருடம் காது வைத்திருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. படகு தண்ணீரில் விழுந்து இருவரும் நனைந்துபோய் வந்தார்கள். அவர் தன் கைக்குட்டையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டார். மூத்தவனுக்கு வெட்கம் தாங்கவில்லை, “ஐயோ, யாராவது பாக்கப்போறாங்க” என்று நாலு அடி தள்ளி நடந்தான்.

பட்டாணி சவாரிகளையே பார்க்கவில்லை. நீரூற்றின் விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல.

“பெரிம்மா, அம்மா இன்னிக்கு அப்பாகிட்ட நேரா பேசினாங்க. கேட்டீங்களா?”

“கேட்டேன்டி.”

“இங்க வந்தா அப்படித்தான்.” ஏதோ தன் தோட்டத்துக் காயைக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

மத்தியானம் பஸ் ஸ்டாப் பெஞ்சில் ரொட்டியும் முட்டையும். அவள் பங்கு சத்தமில்லாமல் அண்ணன் மடிக்குப் போனது. “இவளுக்கு எப்பவுமே பசிக்காது பெரிம்மா” என்றான் அவன், வாய் நிறைய.

திரும்ப உள்ளே போனதும் மெக்கானிக் கையைத் தட்டினார். “பட்டாணி, இந்த வருஷம் பெரிய ரோலர் கோஸ்டர். என்கூட. போன வருஷமே சொன்னேன்ல?”

மனைவியின் முகம் மாறியதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. மகளைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அந்த ரோலர் கோஸ்டர் வாசலிலும் ஓர் அளவுகோல். அதே பச்சைக் கோடு, அதே உயரம். கேட்டில் அதற்குக் கீழே இருந்தால் இலவசம். இங்கே அதற்கு மேலே இருந்தால்தான் சவாரி. நூல் பிசகாமல் டேப் ஒட்டிய மனிதருக்கு, ஒரே குழந்தை ஒரே நாளில் இரண்டு உயரமாக இருக்க முடியாது என்பது மட்டும் தோன்றவில்லை.

தொப்பி போட்ட ஒரு பெண் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நிமிந்து நில்லுடா” என்றார் அப்பா.

பட்டாணி நிமிர்ந்தாள். தலை கோட்டைத் தாண்டியது, நன்றாகவே தாண்டியது.

பின்னால் நின்ற அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, பழக்கதோஷமோ, “முட்டி” என்றாள்.

குழந்தை இறங்கினாள். அப்பா அவள் தாடையைப் பிடித்து உயர்த்தினார். ஏறினாள். அம்மாவைப் பார்த்தாள், இறங்கினாள்.

“என்னப்பா இது, பொண்ணு லிஃப்ட் மாதிரி ஏறி எறங்குது?” என்று வரிசையில் எவனோ சொன்னான். கூட்டம் சிரித்தது. மெக்கானிக்கின் காது சிவந்தது.

தொப்பிக்காரி குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தாள். “வண்ணத்துப்பூச்சி குத்தியிருக்கே சார். கோட்டுக்குக் கீழ இருந்தாத்தானே இதைக் குத்துவாங்க?”

அவள் குனிந்து பட்டாணியிடமே கேட்டாள்.

“நீயே சொல்லு கண்ணு. நீ உசரமா, குட்டையா?”

“குட்டை.”

சொல்லிவிட்டுக் குழந்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முட்டியைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு. “குட்டைதான்க்கா. நான் வளரல. பாலே குடிக்கறதில்ல, பெரிம்மா செடிக்கு ஊத்திடறேன். முட்டையும் அண்ணனுக்குக் குடுத்துட்டேன். தலையில பை வெச்சு அமுக்கிக்கறேன். அடுத்த வருஷமும் இப்படியே இருப்பேன். எங்கள உள்ள விட்டுடுங்கக்கா.”

மேலே ரோலர் கோஸ்டர் அலறிக்கொண்டு போனது. மெக்கானிக் மெதுவாக அவள் எதிரில் குந்தினார்.

“எதுக்குடா அப்படிப் பண்ணின?”

“இங்க வந்தாத்தானேப்பா நீங்களும் அம்மாவும் பேசிக்கிறீங்க.”

தொப்பிக்காரி பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தாள். “இப்படி ஓரமா வாங்க சார்” என்றாள், தாழ்ந்த குரலில். யாரையும் கூப்பிடவில்லை, எதையும் எழுதவில்லை. மகராசி நல்லா இருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் பட்டாணி அம்மா மடியில் சுருண்டு தூங்கிப்போனாள். தையல்காரி அவள் பாதங்களைப் பிடித்து மெல்ல நீட்டிவிட்டாள். தூக்கத்திலேயே குழந்தை மறுபடி மடக்கிக்கொண்டாள். நீட்டினாள், மடக்கிக்கொண்டாள். வெட்டி மடித்துத் தைப்பதில் கைதேர்ந்தவளுக்கு அதை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. முன் சீட்டில் போன் அடித்தது. மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தார். “சொல்லுங்க சார். எத்தனாவது மாடி?”

வீட்டுக்குள் போன கையோடு அவள் கதவு நிலை டேப்பைப் பிய்த்தாள். என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். பிய்த்த வேகத்தில் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. டேப் இருந்த இடத்தில் இப்போது வெறும் மரம் பட்டையாகத் தெரிகிறது, முன்னைவிடப் பளிச்சென்று.

அந்த வருடம் பாதி விலை மாதம் வந்தது, போனது. அவர்கள் பாஸ் வாங்கவில்லை. “பாத்தீங்களா, கார்டு வெடிச்சுடுச்சு” என்றார் வங்கிக்காரர். பார்க்கில் நடந்ததைக் கேட்டுக் கேட்டு டீச்சர் ஓய்ந்துபோனாள். நான் சொல்லவில்லை. தலைவலி என்றேன், பல்வலி என்றேன்.

மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். கூடுதல் கூலி போயிற்று. கூலி போனால் பார்க்கும் போயிற்றுதானே? இத்தனை நாள் பார்க்குக்காக ஞாயிறுகளை விற்றுக்கொண்டிருந்தார். இப்போது ஞாயிறு கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. லிஃப்ட் இருக்கும் கட்டடக்காரர்கள் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் என் கதவைத் தட்டி, போனை நீட்டினார்.

“அக்கா, சாயங்காலம் வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். அடிச்சா எடுக்காதீங்க. அவங்களுக்கு வேற ஆள் நம்பர் இருக்கு.”

“என்னை என்னன்னு நெனச்சீங்க, லாக்கர்னா?”

“ஆமாக்கா” என்றார். சிரிக்கவில்லை.

அன்றுமுதல் ஞாயிறுதோறும் அந்தப் போன் என் அரிசி டப்பாவுக்குள் துண்டில் சுற்றிக் கிடக்கிறது. எவர் பெயர் வருகிறதென்று பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தவம் என்பதை என்னைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

போன ஞாயிறு அது அடித்துக்கொண்டிருந்தபோது பட்டாணி வந்து வாசலில் நின்றாள். கையில் பால் டம்ளர். பாதி காலியாக இருந்தது. நான் தொட்டியைப் பார்த்தேன். மண் காய்ந்துதான் இருந்தது. அந்தக் கணுக்கால் கவுன் இப்போது கணுக்காலுக்கு வெகுவாக மேலே நிற்கிறது. ஆனாலும் நிலைப்படிக்குள் நுழையும்போது தலையைக் குனிந்துகொண்டாள். என் நிலைப்படி அவள் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இடிக்காத உயரம்.

“போன் அடிக்குதா பெரிம்மா?”

“அடிக்கட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் குரல்கள் ஏறின. இருவரும் சுவரோடு காதை வைத்தோம். நான் மேலே, அவள் கீழே.

“சிரிக்கிறாங்களா?”

“இல்லடி. சண்டை.”

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். ‘உன்னால’ என்றது ஒரு குரல், ‘உங்களாலதான்’ என்றது இன்னொன்று.

“அண்ணன்கிட்ட சொல்லச் சொல்லலையே” என்றாள் மெதுவாக. “நேராவே திட்டிக்கிறாங்க.”

“ஆமா.”

அவள் டம்ளரைப் பார்த்தாள். அரிசி டப்பாவுக்குள் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கத் தொடங்கியது. பட்டாணி மீதிப் பாலில் இன்னும் ஒரு வாய் குடித்துவிட்டு, காதை மறுபடி சுவரில் வைத்தாள்.